ஒன்பதை அழுத்தினால் நிற்கும் மோட்டார்

"நான் கைய வெச்சாத்தான் மோட்டாரு நிக்குதாம். எங் கையில இன்னா பேயா குந்திக்கினு கீது?"

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கணினிக் கடையில், மேசை மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள் இருசம்மாள். கடைக்காரி பாரதி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ சுபாஷ் டம்ளரோடு எழுந்தே விட்டான். பாரதியிடம் யாராவது மர்மம் கொண்டு வந்தால் அவனுக்கு சவாரி மறந்துபோகும்.

"மொதல்லேருந்து சொல்லுங்கக்கா," என்றாள் பாரதி.

கந்தசாமியின் நிலத்தில் நீர் பாய்ச்சுகிறவள் இருசம்மாள். அதே நிலத்தின் கடைக்கோடி வயலைக் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி போட்டிருக்கிறாள். இந்த வருஷம் கந்தசாமி மோட்டார் கொட்டகையில் புதிதாக ஒரு பெட்டி வைத்தார். எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ, அந்த வயலின் கல்லில் உள்ள எண்ணைப் பெட்டியில் அழுத்த வேண்டும். வால்வு தானே திறக்கும். கரும்பு வயல்களுக்கெல்லாம் ஒழுங்காகத் திறந்தது. இருசம்மாள் தன் வயலுக்கு அழுத்தினால் மட்டும் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து மோட்டாரே நின்றது.

"மொதலாளி வந்து ஒண்ணாம் நம்பரை அழுத்திப் பாத்தாரு. ஓடிச்சி. மிஷினு நல்லாத்தான் கீது, நீதான் கம்பிய நோண்டிட்டன்னுட்டாரு. ஒத்துக்கலன்னா குத்தகை இல்லியாம். கெழங்கு எறங்கற நேரம், செடி வாடிக்கினு கீது."

"உங்க வயல் நம்பரை வேற யாராச்சும் அழுத்திப் பாத்தாங்களா?"

"எவன் பாப்பான்? காயறது எங் கொல்லை தான?"

மறுநாள் காலை மூவரும் போய் இறங்கியபோது கந்தசாமி கடுகடுத்தார். "ஏழு மணி அடிச்சி ஒரு மணி நேரம் கழிச்சி வரச் சொன்னேன். இப்பதான் வரீங்க."

பெட்டிக்கு ப்ரோகிராம் எழுதிய அவருடைய அக்கா மகன் சரத்குமார் லேப்டாப்போடு நின்றிருந்தான். "என் ப்ரோகிராம்ல தப்பே இல்ல. எட்டு வால்வையும் வூட்லயே டெஸ்ட் பண்ணிட்டேன்."

"ச்சு!" என்று முகத்தைச் சுளித்தார் கந்தசாமி.

"அக்கா, தடயம்!" கொட்டகைக்குப் பின்னாலிருந்து சேறு அப்பிய செருப்பொன்றைத் தூக்கி வந்தான் சுபாஷ்.

"அது எஞ் செருப்புடா. கீழ போடு," என்றாள் இருசம்மாள்.

பாரதி வரப்போடு நடந்தாள். வயலுக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு சிவப்பு எண். இருசம்மாளின் கல்லில் ஒன்பது. திரும்பி வந்து பெட்டியில் ஏழை அழுத்தினாள். ஏழாம் வயலில் தண்ணீர் பாய்ந்தது. ஒன்பதை அழுத்தினாள், மோட்டார் நின்றது. இருசம்மாளின் கை இடுப்பில்தான் இருந்தது.

"கம்ப்யூட்டர் சுழியத்துலேருந்து எண்ணும். தம்பி அதை மறந்திருந்தா எல்லா வயலும் ஒண்ணு தள்ளித் தெறக்கும். அப்படி ஆவல," என்றாள் பாரதி. "சரத், உங்க வரிசையில மொத்தம் எத்தனை வால்வு?"

"எட்டு."

"ஒம்போதாவதைக் கேட்டா?"

"இல்லாததை ஏன் கேக்கணும்?"

"கேட்டா?"

சரத்குமார் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். "ப்ரோகிராம் நின்னுடும்."

"அதைத்தான் திரை சொல்லுது, வரிசைக்கு வெளிய இருக்கறதைக் கேக்கறீங்கன்னு. எட்டு வூடு இருக்கிற தெருவுல ஒம்போதாவது வூட்டைத் தேடினா தபால்காரரு திரும்பி வந்துடுவாரு. உங்க மிஷினு நடுத்தெருவுலயே மயங்கி வுழுவுது. அக்கா கல்லுல எழுதினதைத்தான் அழுத்தினாங்க. கல்லுங்க மொத்தமே எட்டுதான். ஆனா ஏழுக்கு அடுத்த கல்லுல ஒம்போது. எழுதச் சொன்னது யாருங்க?"

கந்தசாமி வானத்தைப் பார்த்தார்.

"எட்டு மணின்னு சொல்லாம ஏழு அடிச்சி ஒரு மணி நேரம்னீங்க. மருமவன் எட்டுன்னதும் முகம் சுளிச்சீங்க. அப்பவே நினைச்சேன்."

"அந்த நம்பரு நமக்கு ஆவாதும்மா. ஜோசியர் சொன்னாரு…"

இருசம்மாளுக்கு உச்சி வரை எரிந்தது. "உங்க வாய்க்கு ஆவாத நம்பருக்கு எங் கை திருட்டுக் கையா? ஒருத்தராச்சும் ஒம்போதை அழுத்திப் பாத்தீங்களா?"

"கல்லுல எட்டுன்னு மாத்திட்டாப் போதும்," என்று முணுமுணுத்தான் சரத்குமார்.

"போதாது," என்றாள் பாரதி. "நாளைக்கு யாராச்சும் தவறிப் பத்தை அழுத்துவாங்க. பழி மறுபடி அழுத்தின கைமேல வுழும். கேட்ட எண்ணு வரிசையில இருக்குதான்னு மொதல்ல பாக்கட்டும். இல்லன்னா தமிழ்ல சொல்லட்டும். ஓடிக்கினு இருக்கிற தண்ணி ஓடட்டும்."

சரத்குமார் அங்கேயே குந்தித் திருத்தினான். முதல் வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பத்தை அழுத்தினான். 'இந்த எண்ணுக்கு வால்வு இல்லை' என்று திரை காட்டியது, தண்ணீர் நிற்கவில்லை. அதற்குள் இருசம்மாள் கொட்டகையில் கிடந்த சிவப்புப் பெயின்டை எடுத்துப்போய் ஒன்பதை அழித்து, கல் நிறைய எட்டு எழுதிவிட்டு வந்தாள்.

"ம், போய் அழுத்து," என்றார் கந்தசாமி.

அவள் அசையவில்லை. "நான் தொட மாட்டேன். நீங்களே அழுத்துங்க. எந்த நம்பருன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு அழுத்துங்க."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் பெட்டியின் முன்னால் போய் நின்றார்.

"எட்டு."

"கடைசி வயலு வரைக்கும் கேக்கலீங்க," என்றாள் இருசம்மாள்.

"எட்டு!" என்று கத்திவிட்டு அழுத்தினார் கந்தசாமி.

கடைக்கோடியில், காய்ந்து கிடந்த குழாய் ஒருமுறை இருமியது. பிறகு மரவள்ளியின் காலடியில் மண் கறுக்கத் தொடங்கியது.