ஏழாம் தரிப்பிடத்தில் ஒரு ஸலாம்

நாங்கள் கடற்கரையில் போய் இறங்கியபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்து கால் மணித்தியாலம் இருக்கும். வெயில் இன்னும் சுட்டது. தோணிகளைக் கரையேற்றிவிட்டு வலையில் சிக்கிய மீனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டீசல் மணம், கருவாட்டு மணம், தூரத்தில் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம். பயப்படுவதற்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு கதையை நான் சொல்ல வேண்டி வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன்.

என் பெயர் சப்ரி. கைப்பேசிச் செயலி செய்வது என் தொழில். கல்முனைக்கு வருகிறவர்கள், வழிகாட்டி யாரும் இல்லாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களே நடந்து ஊரின் பழைய இடங்களைப் பார்ப்பதற்கு ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். கடற்கரையோரமாகப் பதினொரு தரிப்பிடங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் வரைபடத்தில் இருபது மீற்றருக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் கால் வைத்ததும் போன் தானாகவே பேசத் தொடங்கும். அங்கே முன்பு என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று சொல்லும். கேட்கிறவர் விரும்பினால் பொத்தானை அழுத்தித் தன் நினைவு ஒன்றையும் அதில் பேசி வைக்கலாம். எந்த இடத்தில் நின்று பேசினார் என்ற குறிப்போடு அது என் கணினிக்கு வந்து சேரும்.

செயலியின் குரல் என் மனைவி நப்லாவுடையது. படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க இருந்து பதிந்தோம். 'நல்வரவு' என்று தொடங்கினால் விமான நிலையம் மாதிரி இருக்கிறது, ஸலாத்தோடு தொடங்குவோம் என்று சொன்னது நான்தான். அவள் ஒரு தரம் ஸலாம் சொன்னாள். சோம்பேறித்தனத்தில் அதையே பதினொரு இடத்திலும் ஒட்டிவிட்டேன்.

பத்து இடங்களில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஏழாவது இடத்தைப் பற்றித்தான் நான் யோசித்திருக்க வேண்டும்.

ஏழாவது, இப்போது இல்லாத ஒரு குறுக்குத் தெரு. சுனாமி அதை ஒரு காலையில் துடைத்துக்கொண்டு போனது. நப்லாவுக்கு அப்போது ஐந்து வயது. அக்கரைப்பற்றில் சாச்சி வீட்டில் விடுமுறைக்கு நின்றாள். அவளுடைய உம்மா ஜெஸீமா மட்டும் வீட்டில் இருந்தார். அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. நான் கண்டிராத என் மாமியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தத் தெருவையும் நடைவழியில் சேர்க்க வேண்டும் என்று நப்லா கேட்டபோது மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இடத்தைக் காட்ட வந்தவர் மசூர் காக்கா. அந்தத் தெருவிலே வாழ்ந்து தப்பியவர், தோணிக்காரர். அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் நின்று குதிக்காலால் மணலில் ஒரு கோடு கீறினார்.

"இதான் ஜெஸீமா ராத்தாட வாசல். கிணறு அங்கால கிடந்த. இப்ப தண்ணிக்குள்ள."

நப்லா அந்தக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாள். கையிலிருந்த போன் அவளுடைய குரலிலேயே கடலைப் பார்த்துச் சொன்னது: "அஸ்ஸலாமு அலைக்கும்."

என் கூட்டாளி றிபாஸ் கைதட்டினான். "வேல செய்யுதுடா!"

மசூர் காக்காவின் முகம் மாறிவிட்டது. "என்ன தம்பி, இது ஆருக்குச் சொல்ற ஸலாம்?"

"வாற ஆக்களுக்கு காக்கா."

"வாற ஆளுட கையிலதானே போன் இரிக்கி. அது வெளியப் பாத்தெல்லுவா சொல்லுது. ஸலாம் சொன்னா பதில் சொல்லியாகணும். இந்த வாசல்ல பதில் சொல்ல ஆரு இரிக்கா?"

"நீங்க சொல்லுங்களன் காக்கா," என்றான் றிபாஸ். அவன் எதையும் பகிடியாக்காமல் விடமாட்டான். மசூர் காக்கா சிரிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோணிப் பக்கமாகப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் கணினியைத் திறந்தேன். ஏழாம் தரிப்பிடத்தில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. எட்டு வினாடி.

அலைச் சத்தம். பிறகு ஒரு பெண்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

செயலி அப்போது எங்கள் மூன்று பேரின் போனில் மட்டும்தான் இருந்தது. மூன்று போனும் அது பதிவான நேரத்தில் வீடுகளில் இருந்தன. பதிவின் இடக்குறிப்பைப் பார்த்தேன். கரையிலிருந்து தொண்ணூறு மீற்றர் தள்ளி, கடலுக்குள் இருந்தது. இடம் காட்டும் செய்மதிக் கணக்கு ஐந்து மீற்றர், பத்து மீற்றர் பிசகும். தொண்ணூறு மீற்றர் பிசகாது. இருந்தாலும் பிசகிவிட்டது என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில்காரன் அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

அன்று பின்னேரம் மீண்டும் சோதித்துப் பார்த்தோம். மறுநாள் காலையில் இன்னொன்று வந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம். ஆரது?"

மூன்றாம் நாள்:

"வஅலைக்குமுஸ்ஸலாம். நப்லாவா?"

அதை அழித்திருக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது; தனியாகப் பயப்பட என்னால் முடியவில்லை. நப்லாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கண்ணீர் தாடையில் இறங்கி நின்றது.

"உம்மாட குரல் எனக்கு மறந்து போச்செண்டு நினைச்சிருந்தன்," என்றாள்.

"அது உம்மா இல்ல நப்லா. மவுத்தானவங்க திரும்பி வாறல்ல. இது வேற என்னவோ."

"வேற என்னவோவுக்கு என்ட பேர் எப்பிடித் தெரியும்?"

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அஸர் தொழுததும் அபாயாவைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவாள். போய்ச் சும்மா நின்றுவிட்டு வருகிறேன் என்பாள். ஒரு கிழமை விட்டேன். இருபது வருடம் தாயின் குரலுக்கு ஏங்கியவளை எப்படித் தடுப்பது?

எட்டாம் நாள் மசூர் காக்கா தொலைபேசி எடுத்தார். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"ஓடி வா மனே."

நான் போனபோது அவளை மணலில் இருத்தி வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தளவு தண்ணீரில், போனை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நேரே உள்ளே நடந்தாளாம். மசூர் காக்கா தோணியால் குதித்துத்தான் பிடித்திருக்கிறார்.

"குரல் வந்த இடத்துக்குப் போய் ஸலாம் சொன்னா இன்னும் கிட்டக் கேக்குமெண்டு பாத்தன்," என்றாள் என்னிடம். நாளைக்குச் சந்தைக்குப் போகலாம் என்று சொல்கிற அதே குரலில்.

நான் அங்கேயே, ஈர மணலில் குந்தியிருந்து, ஏழாம் தரிப்பிடத்தை அழித்தேன். அவளுடைய ஸலாத்தைப் பதினொரு இடத்திலுமிருந்து எடுத்தேன். அவளுடைய போனைப் பறித்து என் பொக்கற்றில் போட்டேன். இவளையும் கடலுக்குக் கொடுக்க மாட்டேன் என்பது மட்டும்தான் என் நினைப்பில் இருந்தது.

"இனி இஞ்சால வரப்படாது. சத்தியம் பண்ணு."

"நான் வராட்டி உம்மா என்ன செய்வாங்க?"

"சத்தியம் பண்ணு நப்லா."

பண்ணினாள். சொன்ன சொல்லையும் காத்தாள். அவள் போகவில்லை.

அடுத்த நாள் காலை பதிவு வந்திருந்தது. அழிக்கப்பட்ட தரிப்பிடத்திலிருந்து பதிவு வர வழியே இல்லை. அந்த வழியை நானே அடைத்தவன். ஆனாலும் வந்திருந்தது. இடம், கரையிலிருந்து நாற்பது மீற்றர். அதற்கு அடுத்த நாள், மசூர் காக்கா கோடு கீறிய இடம். அதற்கு அடுத்த நாள், கடற்கரை வீதி.

வார்த்தையும் மாறியிருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இப்போது பதில் சொல்லவில்லை. தானே ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தது.

நாங்கள் இருக்கும் வீடு பிரதான வீதிக்கு மேற்கே, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் இருக்கிறது. கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக, ஜெஸீமாவின் மகள் என்று நப்லாவுக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்கிறவன். முறையாகப் பார்த்தால் அந்த வீட்டில் என்னைவிட உரிமைக்காரி அந்தக் குரலுக்குரியவள்தான். இந்த நினைப்பு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பதிவு எங்கள் ஒழுங்கை முனையிலிருக்கும் மதகிலிருந்து வந்தது.

அன்று பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. யன்னல்களை இழுத்துப் பூட்டினேன். முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, கதிரையையும் இழுத்து வைத்தேன். இரண்டு பேரும் முன் அறையில் தொழுதோம். தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது வீட்டுக்குள் கடல் மணம் வந்திருந்தது. மீன் மணம் இல்லை. ஆழத்துச் சேற்று மணம்.

வாசலில் யாரோ காலால் மணலை அரைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

நப்லா துள்ளி எழும்பினாள். நான் பாய்ந்து அவளுடைய வாயைப் பொத்தினேன். ஒரு வீட்டுக்கு வருகிறவர் வாசலில் நின்று மூன்று தரம் ஸலாம் சொல்ல வேண்டும்; பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். சின்ன வயதில் மதரசாவில் படித்தது. எதுவாக இருந்தாலும் ஸலாம் சொல்லி வருகிறதே, அப்படியானால் அந்த முறைக்கும் கட்டுப்படும் என்று நம்பினேன். எனக்கு வேறு பிடிமானம் இருக்கவில்லை.

"மூணு தரம்தான்," என்று அவள் காதில் சொன்னேன். "வாயத் திறந்திராத. போயிரும்."

அவள் என் உள்ளங்கையைக் கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இந்த முறை குரல் தாழ்வாக வந்தது. கதவின் அடிப்பக்கத்தில் வாயை வைத்துச் சொன்ன மாதிரி.

நப்லா அழுதாள். கண்ணீர் என் விரல்களில் சூடாக ஓடியது. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். மணல் அரைபடும் சத்தம் மெல்ல விலகிப் போனது. மணம் குறைந்தது. பள்ளியில் யாரோ ஒலிபெருக்கியைச் சரிபார்த்து இருமினார்கள். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது. ஊர் பழையபடி ஊரானது. நான் கையைத் தளர்த்தி மூச்சை விட்டேன்.

பின்னால் குசினிக் கதவு தட்டப்பட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றது ஒரு பெண் குரல். அவசரமில்லாமல், மாலை நேரத்தில் பிட்டுக் கொண்டுவந்து தருகிற பக்கத்து வீட்டு ராத்தாவைப் போல.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றேன்.

சொன்னது நான்.

பேசப் பழகிய நாளிலிருந்து ஸலாத்துக்குப் பதில் சொல்லி வந்த நாக்கு. என்னைக் கேட்கவில்லை. நப்லாவின் வாயைப் பொத்தியவன் என்னுடையதைப் பொத்தவில்லை.

ஓடிப்போய்க் குசினிக் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு அப்பால் நின்று, "என்ன தம்பி?" என்றார். கதவைத் தட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை, தான் வரவில்லை என்றார். நான் திரும்பியபோது நப்லா அழுகையை நிறுத்தியிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத ஒரு அமைதியோடு என்னைப் பார்த்தாள்.

"நீங்களே வரச் சொல்லிட்டீங்க," என்றாள்.

மூன்று கிழமையாகிறது. செயலியை முற்றாக நிறுத்திவிட்டோம். ஆட்களைக் கூப்பிட்டு வீட்டில் குர்ஆன் ஓதுவித்தோம். ஓதியவர்களுக்கு ஒன்றும் தென்படவில்லை. நல்ல வெளிச்சமான வீடு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். நப்லா கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். குசினியில் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருப்பாள். நான் போனால் நிறுத்திவிடுவாள். றிபாஸிடம் சொன்னேன். அவன்கூடப் பகிடி பண்ணவில்லை.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, உள்ளே போகுமுன் நானும் வாசலில் நின்று ஸலாம் சொல்கிறேன். சொல்லாமல் நுழைய எனக்குத் துணிவில்லை. உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் பதில் சொல்லும். அதற்குக்கூட மனம் பழகப் பார்த்தது. அவள் உயிரோடு இருக்கிறாளே, அது போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று ஒரு குரல்தான் பதில் சொன்னது.

திரும்பவும் ஸலாம் சொல்லிக்கொண்டு யன்னலால் பார்த்தேன். நப்லா முன் அறையில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்து அவளுடைய வாய்தான் அசைந்தது. குரல் அவளுடையது இல்லை.