இருபது மண்புழுக்களின் தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க நளினிக்கு மண்புழுக்கள் வேண்டும். அந்தமானில், புரோத்ராபூரிலுள்ள தங்கள் வெண்டைத் தோட்டத்தின் மேற்கு மூலையில் அவள் எவ்வளவோ தோண்டினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. சென்ற மாதம் அதே இடத்தில் மண்வெட்டி பட்டவுடன் பத்துப் புழுக்கள் நெளிந்தன.

"அப்பா, இங்கே புழுக்களே இல்லை!"

"விடுமுறைக்கு ஹேவ்லாக் தீவுக்குப் போயிருக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

அந்த மூலையில் மட்டும் கருங்கசடு பரவிக் கிடந்தது. மெயின்லாண்டிலிருந்து உரம் ஏற்றிவரும் கப்பல் தாமதமானதால், ஒரு தங்கும் விடுதியின் கழிவுநீர்த் தொட்டிக் கசடை லாரிக்காரர் குணா கொண்டுவந்து கொட்டியிருந்தார். சனிக்கிழமை தோட்டம் முழுவதற்கும் அதே கசடு வரவிருந்தது.

"அது வேண்டாம், அப்பா. புழுக்களுக்குப் பிடிக்கவில்லை."

"அடேயப்பா! உரத்தைப் பற்றிப் புழுவுக்கு என்ன தெரியும்? எந்தப் பள்ளியில் படித்தது?"

"அவற்றிடமே கேட்டுவிடலாமா?"

நளினி ஒரு பழைய மீன் பெட்டியை எடுத்தாள். இடப்பக்கம் வாழையடி மண், வலப்பக்கம் மேற்கு மூலை மண். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளித்தாள். வாழையடியில் பிடித்த இருபது புழுக்களை நடுக்கோட்டில் விட்டு, ஈரச்சாக்கால் மூடினாள். 'சனிக்கிழமை வரை தொடாதீர்கள். அப்பாவும்தான்' என்று எழுதி வைத்தாள்.

சனிக்கிழமை, லாரிக்கு முன்பே அதன் நாற்றம் வந்து சேர்ந்தது. நளினி வாசலை மறித்து நின்றாள்.

"குணா அண்ணா, ஒரு நிமிடம்! முதலில் இதைப் பாருங்கள்."

மூவரும் குனிந்து மண்ணைக் கிளறி எண்ணினார்கள். இடப்பக்கம் பத்தொன்பது. வலப்பக்கம் ஒன்று.

"அரே வா! ஒன்று என் கட்சி!" என்று குணா துள்ளினார்.

நளினி மண்ணை மெல்ல விலக்கினாள். அந்தப் புழுவின் தலை ஏற்கெனவே இடப்பக்கம் போய்விட்டது. வால்தான் மிச்சம்.

"அதுவும் புறப்பட்டுவிட்டது, அண்ணா."

அப்பா சிரிக்கவில்லை. "குணா, அந்தத் தொட்டியில் என்னவெல்லாம் விழும்?"

குணா தலையைச் சொறிந்தார். "சலவைத் தண்ணீர், தரை கழுவும் ஆசிட், விருந்தினர் வீசும் மாத்திரை... நான் எட்டியா பார்த்தேன், அண்ணாச்சி?"

"அதை என் வெண்டை குடித்து, வெண்டையை என் மகள் தின்பதா? வண்டியைத் திருப்பு! மூலையில் கிடப்பதையும் அள்ளிக்கொண்டு போ!" என்று முழங்கிய அப்பா, தாமே மண்வெட்டியை எடுத்தார்.

"விடுதிக்காரர் திட்டுவாரே!"

"இங்கே வரச் சொல். புழுக்கள் பதில் சொல்லும்."

ஞாயிறு காலை அப்பா தூண்டிலோடு வந்தார். "புழுக்கள் தயாரா?"

"தீர்ப்புச் சொன்னவர்களைத் தூண்டிலில் மாட்டலாமா, அப்பா?"

இருபதையும் வாழையடியில் விட்டுவிட்டு, நளினி மைதா மாவை உருட்டி எடுத்துக்கொண்டாள். ஒரு மீன்கூட அதைச் சீண்டவில்லை.

அன்று மதியம் வெண்டைக்காய்க் குழம்புதான். அப்பா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.