சேலைன் போத்தலில் இருந்த பெற்றோல்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு மயில்வாகனம் கராஜின் பூட்டைத் திறந்தார். அடுத்த நிமிடம் அவர் போட்ட சத்தத்துக்கு உருத்திரபுரத்தில் அரைவாசிப் பேர் எழும்பிவிட்டார்கள். ஒஸ்ரின் காரின் எஞ்சினுக்கு மேலே ஆணியில் தொங்கிய சேலைன் போத்தலில் ஒரு சொட்டுப் பெற்றோல்கூட இல்லை.

1993ஆம் ஆண்டு. போர்க்காலம்; வன்னிக்குப் பெற்றோல் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் எஞ்சினை எழுப்பப் பெற்றோல் வேண்டும். அதைச் சேலைன் போத்தலிலிருந்து குழாய் வழியாகக் காபரேற்றருக்குச் சொட்டவிடுவார்கள். எஞ்சின் பிடித்ததும் குழாயில் சொட்டை அடைக்கிற சின்னச் சில்லை இறுக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை கார் அடம்பிடிக்காது.

ஓய்வுபெற்ற ஓவசியரான மயில்வாகனத்துக்கு அந்தப் பழைய கார்தான் உலகம். பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவரும் அவருடைய கூட்டாளி நல்லதம்பியும் அதைக் கழற்றிப் பூட்டுவார்கள், துடைப்பார்கள், எஞ்சின் சத்தத்தைக் காது குளிரக் கேட்பார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நல்லதம்பியின் மகள் தர்மிளாவுக்குக் கலியாணம். மணப்பெண் இந்தக் காரில்தான் போகவேண்டும் என்று அந்தப் போத்தலில் பெற்றோலைச் சேர்த்து வைத்தவரே மயில்வாகனம்தான்.

கராஜ் பூட்டின் மற்றத் திறப்பு நல்லதம்பியிடம் இருந்தது. ஏழு மணிக்கு அவர் வந்தபோது, அயலவர் முன்னால் மயில்வாகனம் அவரைக் கள்ளன் என்றார். நல்லதம்பி போத்தலை ஒருமுறை பார்த்தார். பேசாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஏழேகாலுக்கு, பள்ளிக்கூடம் போகிற வழியில் விஞ்ஞான ஆசிரியை சிவனேஸ்வரி வந்தார். காணாமல் போன ஆடு முதல் எல்லாவற்றுக்கும் ஊர் கூப்பிடுவது அவரைத்தான்.

"போத்தல் ஆணியிலேயே தொங்கினதோ?"

"ஓம் ரீச்சர். குழாயும் பூட்டினபடி."

"நிலத்தில சிந்தினதோ?"

"இல்லை. மண் காய்ஞ்சு கிடக்கு."

"கடைசியா எஞ்சினை நிப்பாட்டினது ஆர்?"

"நான்தான். ஞாயிற்றுக்கிழமை நல்லதம்பி கலியாண வேலையெண்டு நாலு மணிக்கே போயிட்டான். நான் கொஞ்ச நேரம் இருந்து சத்தம் கேட்டனான்."

சிவனேஸ்வரி ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தெடுத்தார். மேல் கோட்டைத் தாண்டி ஒயில் ஏறியிருந்தது.

"புது ஒயில் விட்டனீங்களோ?"

"இந்தக் காலத்தில ஒயிலுக்கு எங்க போறது?"

"அப்ப ஏன் ஏறிக் கிடக்கு? மணந்து பாருங்கோ."

மயில்வாகனம் மணந்தார். பெற்றோல்.

"களவெடுக்கிறவன் போத்தலோட கொண்டு போவான் அண்ணை. வெறும் போத்தலைத் திருப்பித் தொங்கவிட மாட்டான். நிப்பாட்டேக்க பெற்றோலுக்கு மாத்தின நீங்கள், பிறகு சில்லை இறுக்கேல்லை. மூண்டு இரவாச் சொட்டி, காபரேற்றர் நிரம்பி, எஞ்சினுக்குள்ள இறங்கி ஒயிலோட கலந்திட்டுது. நீங்கள் தேடுற கள்ளன் நீங்கள்தான்."

"சில்லை இறுக்கிறது எப்பவும் நல்லதம்பிதான்..." மயில்வாகனம் சில்லைத் தொட்டுப் பார்த்தார்; அது தளர்ந்துதான் கிடந்தது. வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன.

எட்டு மணிக்கு அவர் நல்லதம்பி வீட்டு வாசலில் நின்றார். உள்ளே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் பெரிய பிழை விட்டிட்டன் நல்லதம்பி. பெற்றோல் எஞ்சினுக்குள்ளதான் கிடக்கு."

"தெரியும் அண்ணை. போத்தலைக் கண்ட உடனயே தெரியும். பொம்பிளை ஏறிப்போக உழவு மெசின் சொல்லியாச்சு."

"தெரிஞ்சுமோ வாய் திறக்கேல்லை?"

நல்லதம்பி பந்தல் கயிற்றை இறுக்கிக் கட்டி முடித்தார்.

"பெற்றோல் எங்கயெண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்லையே அண்ணை."