நாலாவது கம்பி

அப்பா ஆறு மணிக்கு எழுந்தார். மோட்டார் போட்டார். பால் காய்ச்சினார். வாணியை எழுப்பினார்.

காலையில் தோசை, பொடி. டிபன் டப்பாவிலும் தோசை, பொடி.

பிறகு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். வாணியின் தலையில் தேய்த்து ஒற்றைச் சடை பின்னினார். இரட்டைச் சடை அவருக்கு வராது. விரலில் மிச்சமிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். அந்தத் துணியால், கூடத்தின் மூலையில் நின்ற பேஸ் கிட்டாரை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். அதன் தலையில் சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். அம்மாவின் படத்துக்கு ஒரு முழம் பூ, கிட்டாருக்கு ஒரு முழம்.

வீட்டைப் பூட்டினார். வாணி மொரப்பூர் பள்ளிக்குப் போனாள். அப்பா அரூர் பஸ்ஸில் ஏறி மருந்துக் கடை வேலைக்குப் போனார்.

நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான். அம்மா போன பிறகு எல்லா நாளும் இப்படித்தான்.

வாணியின் அம்மா சுமித்ரா, தங்கராஜ் மாமாவின் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசித்தாள். பாடுபவர்கள் மேடைக்கு நடுவில் நிற்பார்கள். அம்மா டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கருக்குப் பின்னால், பாதி மறைந்து நிற்பாள். ஆள் தெரியாவிட்டாலும், அவள் வாசிப்பது கீழே உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய நெஞ்சிலும் தும் தும் என்று இடிக்கும்.

வாணியோடு படிக்கும் குரு ஒருமுறை வீட்டுக்கு வந்து அம்மாவின் கிட்டாரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஆறுல ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?" என்று கேட்டான்.

"அறுந்துபோகல சாமி. இதுக்கு நாலுதான்," என்று அம்மா சிரித்தாள்.

ஐந்து கம்பி வைத்த பேஸும் உண்டு. தங்கராஜ் மாமா அதை வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா கேட்கவில்லை. "இந்த நாலையே ஒழுங்கா மேய்க்க முடியலீங்க. அஞ்சாவது எதுக்கு?" என்பாள். பிளாஸ்டிக் வில்லையால் தட்டி வாசிப்பதும் அவளுக்குப் பிடிக்காது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பிமேல் நடக்கும். பார்த்தால் யாரோ குட்டி மனிதர் அவசரமாக எங்கோ போவதுபோல் இருக்கும்.

இப்போது கம்பிமேல் யாரும் நடப்பதில்லை. வாணிக்கு அம்மாவின் முகம் மறக்கவில்லை. படம் இருக்கிறதே. அந்தச் சத்தம்தான் மறந்துகொண்டே வந்தது. இரவில் படுத்து அதை நினைத்துப் பார்ப்பாள். வராது.

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜ் மாமா வந்தார்.

"வாங்கண்ணா," என்றார் அப்பா.

மாமா கிட்டாரைப் பார்த்தார். பூ, பொட்டு, எண்ணெய் மினுமினுப்பு.

"என்ன மாப்ள இது? என்னமோ நான் பொண்ணு பாக்க வந்த மாதிரி ஜோடிச்சு வெச்சிருக்க?"

வாணிக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

மாமா எட்டி, எல்லாவற்றிலும் தடித்த நாலாவது கம்பியை விரலால் இழுத்துவிட்டார். தும் என்று வரவேண்டியது, 'ர்ர்ர்' என்று உறுமியது. மாமா முகம் மாறிவிட்டது. கம்பிகள் ஓடும் நீளமான கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கழுத்து பின்னால போயிருக்கு முத்துராஜு. கம்பி மரத்துமேல படுத்துக்குது. குடு, சேலத்துல ஒரு ஆளுகிட்டக் காட்டிட்டு வரேன்."

"வேணாங்க."

"இப்பிடியே நிறுத்தி வெச்சா இன்னொரு வெயில் தாங்காது. அப்பறம் யாராலயும் சரி பண்ண முடியாது. வெறவுதான்."

"வேணாங்கண்ணா. அது அப்பிடியே இருக்கட்டும்."

மாமா வாசலுக்கு நடந்தார். வாணியின் தலையைத் தடவினார். போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட்டதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அப்படியே சாயங்காலம் வரை கிடப்பார்.

வாணி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விறகு என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. அம்மா போய்விட்டாள். இதுவும் போகப் போகிறது. எண்ணெய் தடவி, பூ வைத்து, அதை அப்பா சாகவிட்டுக்கொண்டிருக்கிறார்.

அவள் எழுந்து பூவை எடுத்தாள். கிட்டாரை மெல்லப் பாயில் படுக்க வைத்தாள். அவள் உயரத்துக்கு இருந்தது. பொட்டைத் துடைத்தாள். கம்பிகளில் பிசுபிசுத்த எண்ணெயைப் பழைய பனியனால் துடைத்தாள். பனியன் கறுத்துப்போனது.

அம்மா கிட்டாரின் கழுத்தைச் சரிபார்க்கும்போதெல்லாம் வாணிதான் கூட இருப்பாள். தலையை ஆடாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. கழுத்தின் குறுக்கே வரிசையாக உலோகக் கோடுகள் இருக்கும். அவற்றுக்கு ஃப்ரெட் என்று பெயர். நாலாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் கடைசி ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் அம்மா அழுத்துவாள். நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையவேண்டும்.

வாணி இரண்டு கையாலும் அழுத்தினாள். குனிந்து பார்த்தாள். கார்டு என்ன, காற்றுகூட நுழையாது.

கிட்டார்ப் பையின் பக்கவாட்டில் அம்மாவின் சாவி இருந்தது. எல் எழுத்துப்போல் வளைந்த சின்ன இரும்புச் சாவி. கிட்டாரின் தலையில் ஒரு துளை உண்டு. அதன் உள்ளே, கழுத்து நெடுக ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. சாவியால் தண்டைத் தளர்த்தினால் கழுத்து முன்னால் வரும்.

சாவி துளைக்குள் போனது. கிணுங் என்றது.

"தொடாத!"

அப்பா அறை வாசற்படியில் நின்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சத்தமாகப் பேசிய சொல் அது. வாணி திரும்பிப் பார்த்தாள். ஆனால் கிட்டாரின் தலையை விடவில்லை.

"நான் திருகலப்பா. தலையத்தான் புடிச்சிருக்கேன். என் வேலை அதுதான்."

"பூவ எடுத்துட்டியா? பொட்ட அழிச்சுட்டியா? யாரு உன்ன..." அவர் கிட்டே வந்தார். "ஒடஞ்சு போச்சுன்னா?"

"இப்பிடியே வெச்சாலும் ஒடஞ்சுதாம்ப்பா போகும். மாமா சொன்னாங்கல்ல?"

அப்பா கிட்டாரைப் பார்த்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. தூங்கிச் சிவந்தவை அல்ல. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவதே இல்லை என்று வாணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"நீங்க திருகுங்கப்பா. நான் புடிச்சுக்கறேன்."

"எனக்குத் தெரியாது கண்ணு."

"எனக்குத் தெரியும். இடது பக்கம். கால் சுத்துதான்."

அப்பா உட்கார்ந்தார். மாத்திரைப் பட்டைகளை நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்கும் விரல்கள் சாவியைப் பிடித்தன. திருகினார்.

மரம் 'டிக்' என்றது. அப்பா கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"ஒண்ணும் ஆவலப்பா. சோம்பல் முறிக்குது," என்றாள் வாணி.

கழுத்து நிமிர்ந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் இறங்கியது. ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் போனது. பிறகு வாணி அப்பாவின் கைபேசியில் சுருதி பார்த்து, ஒவ்வொரு கம்பியாக முறுக்கினாள். அப்பாவைக் கம்பியின் இரு முனையிலும் அழுத்தச் சொல்லி, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்தாள். மெல்ல உரசிக்கொண்டு போனது.

"அப்பா, இங்க காத வைங்க."

ஸ்பீக்கர் இல்லாமல் பேஸ் எறும்பு பேசுவதுபோல்தான் கேட்கும். மரத்தில் காதை ஒட்டினால் முழுதாகக் கேட்கும். அப்பா குனிந்து காதை வைத்தார். மறுபக்கம் வாணி வைத்தாள். அவரது தாடி அவள் நெற்றியில் குத்தியது.

நாலாவது கம்பியை இழுத்துவிட்டாள்.

தும்.

உறுமல் இல்லை. அந்தச் சத்தம் மரத்துக்குள்ளே நடந்து வந்து காதுக்குள் நுழைந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இதுதான். இதேதான். வாணி மறுபடியும் இழுத்தாள். மறுபடியும்.

அப்பா காதை எடுக்கவில்லை. மரத்தின்மேல் தண்ணீர் சொட்டியது. வாணி அதைப் பனியனால் ஒற்றினாள். ஈரம் மரத்துக்கு ஆகாது.

"ஏம்ப்பா மாமாகிட்டக் குடுக்கல? சரி பண்ணியிருப்பாருல்ல?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு நீ ஸ்கூலுக்குப் போயிட்ட. நான் ஆட்டோ கூட்டிட்டு வந்தேன். அவ எந்திரிச்சு வந்தவ, இது பக்கத்துல நின்னு ஒரு தடவ தட்டிப் பாத்தா. ஆட்டோவுல ஏறினதும் கண்ண மூடிக்கிட்டா. தர்மபுரி வரைக்கும் பேசல. அப்பறமும் பேசல."

"பாப்பாவப் பாத்துக்கங்கன்னு சொன்னதா எல்லாருகிட்டயும் சொன்னீங்களே?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க கண்ணு. என்னமோ ஒண்ணு சொல்ல வேண்டியிருந்துச்சு."

"நெசமா என்ன சொன்னாங்க?"

அப்பா நாலாவது கம்பிமேல் விரலை வைத்தார். இழுக்கவில்லை. வைத்துக்கொண்டே சொன்னார்.

"'இது உறுமுதுங்க. இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கறேன்.'"