அலமாரிக்குள் இன்னொரு கடிகாரம்

காலை மணி பத்து. வாசலுக்கும் கூடத்துக்குமாக ஸ்டேஷன் மாஸ்டர் நடந்த நடையில் தரை தேய்ந்ததோ இல்லையோ, அவர் மனைவியின் உயிர் தேய்ந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் அந்த வீட்டில் பால் பொங்குவதற்குக்கூட அவர்தான் சிக்னல் தர வேண்டும்.

"நேத்து சாயங்காலம் ஆறுக்கு விமானம் ஏறினான். நடுவுல விமானம் மாறி, மொத்தம் பதினாலு மணி நேரம். எட்டுக்கு இறங்கி, ஒன்பதரைக்கு வாசல்ல நிக்கணும். எங்கே நிக்கிறான்?"

"போன் வேற சுவிட்ச் ஆஃப் அண்ணா..." அவர் தங்கை மூக்கைச் சிந்தினாள். அண்ணன் மகனிடம் போனில் பேசி, அவன் வரும் சேதியைக் கேட்டவள் அவள்தான். "எட்டாயிரம் கிலோமீட்டராம்... நடுவுல கடல் வேறயாம்..."

"வாயை மூடு!"

அதட்டியவரின் குரல் உடைந்தது. ரயில்வே வேலை வேண்டாமென்று வெளிநாடு கிளம்பிய மகனிடம், 'நீ இருக்கியா செத்தியான்னுகூட எனக்குத் தெரிய வேணாம்' என்றவர் அவர். அவனோடு பேசக் கூடாதென்று மனைவியிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். ஆறு வருஷமாக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என் வாய்தான் பலிச்சுடுச்சோ... இவளைப் பாரு! ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா? கல்லுடி நீ!"

அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து உள்ளங்கையளவு கடிகாரம் ஒன்றை எடுத்து வந்தாள். பார்த்தால் வீசியெறிவாரோ என்று இத்தனை வருஷம் ஒளித்தது.

"அஞ்சு காட்டுது. ஓடாத கடிகாரத்தை எதுக்குடி..."

"ஓடுதுங்க. அவன் ஊர் நேரம். போறப்போ அவன் கொடுத்தது. அங்கே ஆறு மணிக்கு ஏறினவன், இதுல எட்டாகும்போதுதாங்க இறங்குவான். நமக்கு அப்போ மதியம் ஒண்ணு!"

முப்பது வருஷம் ஒரே கடிகாரத்துக்குக் கொடி காட்டியவர் சுவர்க் கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்கு ஊர் பொழுது மாறும் என்பது அவருடைய டைம்டேபிளில் இல்லை.

"பேச மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணினேன்... இப்போ எழுந்திருப்பான், இப்போ வேலைக்குப் போவான்னு இதைப் பார்த்துத்தாங்க உயிரோட இருக்கேன்!"

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. போன வருஷம் அது ஒருமுறை நின்றுபோய், குத்துமதிப்பாகத் திருப்பி வைத்திருந்தாள். சரியாகத்தான் வைத்தோமா?

மதியம் இரண்டரை. யாரும் வரவில்லை. ஐந்து நிமிஷம்... பத்து... தங்கைகூட அழ மறந்தாள்.

கேட் கிறீச்சிட்டது. கையில் பெட்டியோடு மகன்.

"அப்பா... உள்ளே வரலாமா?"

"ஆறு வருஷமும் கால் மணி நேரமும் லேட்டுடா!" என்றவர் அவனைக் கட்டிக்கொண்டு குழந்தையாய்க் குலுங்கினார். பிறகு அவனை மனைவியின் பக்கம் தள்ளினார். "பேசுடி... உன்னைக் கல்லுன்னேனே, நான்தாண்டி கல்லு. இன்னிக்காவது பேசு!"

அவள் மகனின் முகத்தைத் தடவினாள். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவரை வராத கண்ணீர் அதன் மேல் சொட்டியது.

"மணி ஒன்பதே முக்கால் ஆச்சேடா... இன்னுமா காலையில சாப்பிடல?"