முடிக்காமல் விட்ட ஆட்டம்

அந்த விளையாட்டை அவன் தொட்டே ஆறு வருஷம் இருக்கும். ஆனால் திரையில் அதன் பெயருக்குக் கீழே, ‘கடைசியாக ஆடியது: இன்று’ என்று இருந்தது.

மணி நாலாக இன்னும் பத்து நிமிஷம். மனைவி அலுவலகத்தில், ஏழு வயது மகள் பள்ளியில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் பேர்வழி என்று அவன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். அதில் முன்னூற்றுப் பன்னிரண்டு விளையாட்டுகள் இருந்தன. தள்ளுபடியில் அள்ளியவை, இலவசமாக வந்தவை, அட்டைப் படத்தில் மயங்கி வாங்கியவை. ஒன்றைக்கூட அவன் முடித்ததில்லை. கடைசிக் கட்டம் வரை போவான், சேமிப்பான், வெளியேறிவிடுவான். முடித்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

மனைவி அவனுக்கு வைத்திருந்த பேர் ஆரம்பசூரர். காலையில்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“ஆரம்பசூரரே, நாலு மணிக்கு வேன் வரும். போன தடவை மாதிரி காதுல அந்தக் கருமத்த மாட்டிக்கிட்டு பிள்ளைய வாசல்ல நிக்க வைக்காதீங்க. மாடிப்படி லைட்டு வேற எரியல. அன்னிக்கு இருட்டுல அப்படி நடுங்கிட்டா.”

“அட, மறப்பேனா?”

“மறந்தீங்களே!”

அந்த விளையாட்டை அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். கலங்கரை விளக்கத்தைக் காக்கிற ஒருத்தி, புயலில் நூறு படி ஏறி, கடைசியில் ஒரு கதவுக்கு முன்னால் வந்து நிற்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குழந்தை தட்டிக்கொண்டிருக்கும். அவள் கை தாழ்ப்பாளுக்குப் போகும். அந்த இடத்தில்தான் நிறுத்தினான். “இரும்மா, நாளைக்கு வரேன்” என்று திரையைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

திறந்து பார்த்தான். அதே கல்சுவர், அதே மண்ணெண்ணெய் விளக்கு, இடுக்கு வழியே ஊளையிடும் அதே காற்று. தாழ்ப்பாள் மட்டும் விலகி, கதவு மெல்ல ஆடிக்கொண்டிருக்க, அதற்கு அப்பால் குழந்தையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு. அவளையும் காணோம்.

ஏதோ கோளாறு என்று அணைக்கப் போனான். அணையவில்லை. அப்போதுதான் அந்த வாடை வந்தது. மண்ணெண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்த வாடை. அது திரைக்குள்ளிருந்து வருமா என்ன? அவன் முதுகுக்குப் பின்னால் ஈரத்துணியிலிருந்து தரையில் நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் தட்டும் சத்தம்.

“அப்பா!”

உயிர் வந்தது போல எழுந்தான். நடையில் ஓடினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட வேண்டும், மனைவி வரும்வரை தெருவிலேயே நிற்கலாம். தாழ்ப்பாளில் கை வைத்தான்.

அறையில் நாற்காலி முனகியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

மவுஸில் ஒரு சொடுக்கு.

கை நின்றுவிட்டது.

இழுத்தான். வரவில்லை. விரல் மடங்கவில்லை. கத்த நினைத்தான். வாய் திறக்கவில்லை. கண்ணைக்கூட இமைக்க முடியவில்லை. தாழ்ப்பாளின் குளிர்ச்சி மட்டும் விரலில் தெரிந்தது.

“அப்பா, தொறங்கப்பா. இருட்டா இருக்கு.”

திறக்கிறேன்டா. இதோ. இதோ.

இன்னொரு சொடுக்கு. நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஈரக் காலடிகள் நிதானமாக அவனிடம் வந்தன. காதுக்கருகில் உப்பு வாடை.

“நாளைக்கு வரேன்” என்றது ஒரு பெண் குரல்.

காலடிகள் விலகின. அறைக்குள் கணினியின் விசிறி மெல்லத் தணிந்து, அடங்கியது. அப்புறம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

வெளியே மகள் அழ ஆரம்பித்திருந்தாள். தட்டினாள். நிறுத்தினாள். கீழே குனிகிற சத்தம். கதவுக்கடியில் இருந்த இடுக்கு வழியாக நாலு சின்ன விரல்கள் நுழைந்து, துழாவி, அவன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன.

“அப்பா... இங்கதான நிக்கிறீங்க? ஏம்ப்பா தொறக்க மாட்டேங்கிறீங்க?”