எந்தத் தொட்டி மீன்?

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கக்கூட வலிக்கிறது. முன்பெல்லாம் மீன் வாங்க வருகிறவர், விலையைக் கேட்பதற்கு முன்னால் "எந்தத் தொட்டி?" என்றுதான் கேட்பார். இப்போது வருகிறவர்கள் பையை நீட்டுகிறார்கள், வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். நாளைக்குக் கீழ்த்தொட்டி மீனைப் போட்டுக் கொடுத்தாலும் தின்றுவிட்டு ஏப்பம் விடுவார்கள். கொம்பையா இப்படி முணுமுணுத்துக்கொண்டே, சுவரில் பல்லிபோல் ஒட்டியிருந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார்.

செவ்வாய்க் குடியிருப்பில் மீன் பாதி நேரம் சுவரில்தான் இருக்கும். ஈரம் இருந்தால் போதும், தோலாலேயே மூச்சு விட்டுக்கொண்டு நாள்கணக்கில் வெளியே கிடக்கும். பூமியில் அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்ந்த இனம் அது. முதல் கப்பலில் ஏற்றி வந்தவற்றில் பிழைத்தது ஒரே ஒரு மீன். அதற்குத் துணை தேவைப்படவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருந்ததால், தானே முட்டையிட்டது, தானே அதைக் கருவாக்கிக்கொண்டது. குஞ்சுகளும் அப்படியே பெருகின. 'தன்கரு மீன்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த கப்பல்காரர்களுக்குக் கீழ்க்கூடத்தில் இன்னொரு தொட்டி கட்டி, அதே மீனின் குஞ்சுகளை விட்டார்கள்.

நடந்தது அவ்வளவுதான். அதற்குள் முதலில் வந்தவர்கள் மேல்தொட்டியார், பின்னால் வந்தவர்கள் கீழ்த்தொட்டியார் என்று ஆகிவிட்டது. மேலே மீன் கொழுத்து, வெளுத்து, சாவகாசமாகத் திரியும். கீழே இயந்திரச் சூட்டில் சிறுத்து, கறுத்து, நிழல் பட்டாலே துள்ளும். தின்கிற மீனைப்போலத்தான் ஆளும் இருப்பான் என்று மேலே பேசிக்கொண்டார்கள். கொம்பையாவும் பேசினார். அவருடைய ஒரே மகள் இசக்கி, கீழ்த்தொட்டிப் பம்பு மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனபோது, "அந்த வீட்டுத் தண்ணிகூட என் தொண்டையில இறங்காது" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் அவர்தான்.

இன்று காலையில் அவளுடைய குரல் சுவர்க்கருவியில் வந்திருந்தது.

"எப்பா, சாயங்காலம் பிள்ளைக்குக் காது குத்து. மாமன் இல்லாத பிள்ளை. நீங்கதான் மடியில வச்சுக்கிடணும். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்து, செத்துப்போன மனைவியின் சின்னத் தோடுகளை எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டார். எதற்கு முடிந்தோம் என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

மீன் தொட்டியை ஒட்டி ஆய்வறை. கூடையை வைக்கப் போனவரை, அங்கே மீன்களை ஆராய்ச்சி செய்கிற நறுமுகை பிடித்துக்கொண்டாள்.

"வாங்க தாத்தா. ரெண்டு கண்ணாடித் தொட்டி வச்சிருக்கேன். இதுல எது கீழ்த்தொட்டி மீனுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"இதென்ன கேள்வி? ரெண்டும் நம்ம மீனு. வெளுப்பைப் பார்த்தாலே தெரியுதே."

"இடது பக்கம் இருக்கிறது கீழேயிருந்து கொண்டுவந்த மீனோட பேரக்குஞ்சுங்க. நம்ம தண்ணியில விட்டேன். குஞ்சுக்குப் பாதி பயம் போச்சு. பேரக்குஞ்சுக்கு நிறமே மாறிப்போச்சு."

"நீ மாத்தி வச்சிருப்ப."

அவள் சிரித்தாள். "வீட்டு வயரிங் மாதிரி தாத்தா. எல்லா மீனுக்கும் ஒரே தாயோட வயரிங்தான். சூடு, பசி, பயம் எல்லாம் சில சுவிட்சைப் போடும், சிலதை அணைக்கும். அதைத்தான் மேற்குறின்னு சொல்றோம். தாய்க்கு விழுந்த குறி கொஞ்ச காலம் குஞ்சுலயும் இருக்கும். தண்ணி மாறினா அதுவும் மாறிடும். மீன்ல மேலும் இல்ல, கீழும் இல்ல. அதுங்களே ஈரச் சுவரேறி அங்கயும் இங்கயும் போய்ட்டு வந்துட்டுதான் இருக்குதுங்க."

கொம்பையா கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார். ஒருவர் சொல்வது பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்று அவர் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

"அப்போ... அங்க போய் ஒருத்தன் ஒரு வாய் சாப்பிட்டா?"

"இங்க சாப்பிட்ட மாதிரிதான்."

"நாலு பேர் முன்னால சொல்லுவியா?"

"மேடை போட்டே சொல்றேன்."

அவர் கை தானாக மடியைத் தொட்டுப் பார்த்தது. முகம் இளகியது. "உனக்குக் கல்யாணம் கூடிட்டாமே?"

"அடுத்த மாசம் தாத்தா. நீங்க அவசியம் வரணும்."

"மாப்பிள்ளை எந்தத் தொட்டி?" பழக்கத்தில் வந்துவிட்டது.

"நம்ம தொட்டிதான்." அதுவும் பழக்கத்தில்தான் வந்தது.

கொம்பையா மடியிலிருந்து கையை எடுத்தார்.

"கீழ ஒருத்தனும் கிடைக்கலியோ?"

அவள் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது தாத்தா. வீட்டுல பெரியவங்க மனசு சங்கடப்படும். நாளைக்குப் பழக்கவழக்கம் ஒத்துவரணும்ல. மீன் வேற, மனுஷங்க வேற."

"துணையே வேண்டாத மீனு சுவரேறிப் போகுதுங்கிற. துணை தேடுற நீ தொட்டிய விட்டு எறங்கலியே. உனக்கே நம்பிக்கை இல்ல தாயி. என்னைப் போயி நம்பச் சொல்ற!"

கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். கீழ்க்கூடத்துக்கு இறங்கும் கதவு திறந்துதான் கிடந்தது; அதை ஒருநாளும் யாரும் பூட்டியதில்லை. உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் மேலே வந்தன. கூடவே குழம்பு கொதிக்கிற வாடை. அவருடைய மூக்கு அது எந்தத் தொட்டி என்று கேட்கவில்லை. நின்றார்.

கதவோரச் சுவரில் ஒரு மீன் பாதி வழியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. குனிந்து பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

"உனக்கென்ன, கேக்க ஆளில்ல" என்று அதை விரலால் கீழ்ப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினார். வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"எல்லாம் பித்தலாட்டம்" என்றார், யாரும் கேட்காமலே. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கீழே இறங்காமல் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். நடக்க நடக்க, மடியில் முடிந்த தோடு குத்திக்கொண்டே வந்தது.